ஏழு ரிஷிகளும் ஓர் எழுத்துப் பலகையும்

திருவண்ணாமலை
24-6-74

சௌபாக்கியவதி சந்திரகலாவுக்கு,

பே கோபுரத் தெரு சமஸ்தானாதிபதியும், சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் புங்கமரத்தடியின் ஏக சக்கரவர்த்தியுமான உன் தாய்மாமன் ஆதிமூலம் ஆசீர்வதித்து எழுதுவது. இவ்விடம் நானும் உன் அம்மா தங்கம்மாளும் சுகம். அவ்விடம் உன் சுகமும், மாப்பிள்ளை தருமன் சுகமும், அவர் ஓட்டும் பஸ்ஸின் சுகமும் அறிய ஆவல்.

உன் கடிதம் கிடைத்தது. பதிலாக ஒரு கதை சொல்லப்போகிறேன். அதை ஒருவரும் நம்பப்போவதில்லை என்று அண்ணாமலையார் சாட்சியாக முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிறேன். இருபத்திரண்டு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவன் நான். ஊரார் பொய்யை ஸ்டாம்பு பேப்பரில் எழுதியவன், சொந்தப் பொய்யை இன்லண்டு லெட்டரில் எழுதக் கூடாதா?

உன் கல்யாணத்தன்று நடு மத்தியானத்தில் ஐயர் பந்தல் ஓரமாக நிற்க வைத்து, அருந்ததி தெரிகிறதா என்று கேட்டார். சூரியன் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. தெரிகிறது என்றார் மாப்பிள்ளை. தெரிகிறது என்றாய் நீ. பந்தலில் இருந்த முந்நூறு பேரும் அண்ணாந்து பார்த்துத் தலையாட்டினார்கள். அது வழக்கம். ஆனால் ராத்திரி மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், இப்போது காட்டுங்கள் மாப்பிள்ளை என்றேனே, வடக்கே காட்டவேண்டியவர் மேற்கே மலையைக் காட்டினாரே, அதற்காக நான் சிரித்துக்கொண்டே ஒரு பழமொழியை எடுத்துவிட்டேன். "அருந்ததி தெரியாதவன் ஆறு மாசத்துல போயிடுவான்." அது நிஜமா என்று நீ கேட்டிருக்கிறாய்.

முதலில் சொத்து விவரம். வடக்கே துருவனுக்குப் பாத்தியப்பட்ட ஒற்றை நட்சத்திரம், தெற்கே சிம்மராசிக்காரர் அனுபவத்தில் உள்ள நிலம், கிழக்கே சுவாதி, மேற்கே புனர்பூசம். இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட வானத்தில் ஏழு ரிஷிகள் கூட்டுப் பட்டாவில் குடியிருக்கிறார்கள். நாலு பேர் கட்டில் கால்கள், மூன்று பேர் வால். வாலின் நடுவில் இருப்பவர் வசிஷ்டர். அவர் தோளில் ஒட்டிக்கொண்டு ஒரு பொடி நட்சத்திரம், அதுதான் அருந்ததி. அதைப் பார்க்கக் கூர்மையான கண் வேண்டும்.

கண் என்றதும் கதை வருகிறது. அந்தக் காலத்தில் ஒரு லாரி டிரைவர் இருந்தான். பட்டப்பகலில் அருந்ததியின் மூக்குத்தியில் எத்தனை கல் என்று எண்ணிச் சொல்வான். லைசென்சுக்காக டாக்டர் அவன் கண்ணைச் சோதிக்க வேண்டும் என்றார். டாக்டர் வீட்டுச் சுவரில் ஓர் எழுத்துப் பலகை தொங்கியது, மேலே பெரிய எழுத்து, கீழே போகப்போகச் சின்ன எழுத்து. இவன் வரப்போகிறான் என்று தெரிந்ததும் பலகை பயந்துபோய், முந்தின நாளே ஆணியிலிருந்து இறங்கி, தானே அவன் வீட்டுக்கு நடந்து வந்து, தன் எழுத்துக்களை எல்லாம் ஒப்பித்துவிட்டுத் திரும்பிப் போனதாம். மறுநாள் அவன் படித்த வேகத்தில் டாக்டர் தன் கண்ணைச் சோதிக்கப் போய்விட்டார். அப்பேர்ப்பட்டவனுக்கே வானம் சரியாகத் தெரியாது. அவன் ஆறு மாதத்திலா போனான்? அதனால் பயப்படாதே.

மாப்பிள்ளை பஸ் சாயங்காலம் எத்தனை மணிக்கு ஷெட்டுக்குத் திரும்புகிறது? சும்மாதான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஆதிமூலம்


சிக்மகளூர்
11-7-74

அன்புள்ள மாமாவுக்கு, சந்திரகலா வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் அவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். இங்கே தமிழ் பேச ஆளில்லை. பக்கத்து வீட்டுக்காரி பேசுகிற கன்னடத்துக்கு நான் சிரிப்பைத்தான் பதிலாகக் கொடுக்கிறேன். மழை ஆரம்பித்து முப்பது நாள் ஆகிறது, துணி காய்வதில்லை.

அவருக்கும் படித்துக் காட்டினேன். முந்நூறு பேர் தலையாட்டிய இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார். பலகை நடந்து வந்த இடத்தில் மட்டும் கை கழுவ எழுந்து போய்விட்டார். ஆனால் அப்போது அவர் இன்னும் சாப்பிட ஆரம்பிக்கவில்லை.

பஸ் ஐந்தரைக்கு வந்துவிடும். ஷெட்டிலிருந்து வீட்டுக்கு இரண்டு பர்லாங். கண்டக்டர் அப்பாதுரை வேலூர்ப் பக்கத்துக்காரர். அவர் தோளில் கை போட்டுக்கொண்டுதான் தினமும் வருவார். அவ்வளவு சிநேகம்.

மாமா, அந்த லாரி டிரைவர் ஆறு மாதத்தில் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை நாளில் போனார் என்று எழுதவில்லையே. நான் காலண்டரில் எண்ணிப் பார்த்துவிட்டேன். மே 30 கல்யாணம். நவம்பர் 30 ஆறு மாதம். இடையில் ஒரு நாளாவது அவருக்கு அருந்ததியைக் காட்டிவிட்டால் தோஷம் போய்விடும் அல்லவா? காட்டலாம் என்றால் இங்கே வானமே இல்லை. மேகம்தான் இருக்கிறது.

உங்கள்,
சந்திரகலா


திருவண்ணாமலை
20-7-74

சிக்மகளூர் மேகமண்டல மகாராணி சந்திரகலாவுக்கு, மாமன் ஆதிமூலம் எழுதுவது. இங்கு யாவரும் சுகம். உன் அம்மாவின் முழங்கால், நான் தடவிய தைலத்துக்குப் பயந்து தானாகவே நடக்கிறது.

தோஷம் ஒன்றும் கிடையாது. பார்க்கப்போனால் நானே என் கல்யாணத்தில் அருந்ததியைப் பார்க்கவில்லை. அந்தக் கணக்குப்படி 1951-லேயே நான் காலமாகிவிட்டேன். ஆவியாகத்தான் பத்திரம் எழுதுகிறேன். அதனால்தான் என் கையெழுத்தை ஒருவராலும் கள்ளக் கையெழுத்துப் போட முடியவில்லை.

இன்னொரு சங்கதி கேள். ஏழு ரிஷிகளுக்கும் பெண்டாட்டிகள் உண்டு. ஊர் பேசின பேச்சை நம்பி ஆறு ரிஷிகள் ஆறு பேரையும் வீட்டை விட்டு அனுப்பிவிட்டார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்த இடம்தான் கார்த்திகை நட்சத்திரம். வசிஷ்டர் ஒருவர்தான் ஊர்ப் பேச்சை நம்பவில்லை. அதனால் அவர் பக்கத்தில் மட்டும் இன்றைக்கும் ஒரு பெண் நிற்கிறாள். நீயும் பழமொழியை நம்பாதே. நம்பினவர்கள் கதி என்ன ஆயிற்று பார்த்தாயா, ஆறு வீட்டில் சமைக்க ஆளில்லை.

ஒரு சின்ன விசாரிப்பு. பொழுது சாய்ந்த பிறகு மாப்பிள்ளை தண்ணீர் குடிக்கும்போது டம்ளரைக் கண்ணால் பார்த்து எடுக்கிறாரா, கையால் தேடி எடுக்கிறாரா? பொழுதுபோக்குக்காகக் கேட்கிறேன். உடனே எழுது.

ஆதிமூலம்


சிக்மகளூர்
2-9-74

அன்புள்ள மாமாவுக்கு, சந்திரகலா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். மிகவும் நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். வேலை அதிகம்.

வீட்டைக் கொஞ்சம் மாற்றி வைத்தேன். கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டேன். வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் நடுவில் ஒன்றும் இல்லாமல் எடுத்துவிட்டேன், முக்காலியைக்கூட. அப்படி இருந்தால்தான் வீடு பெரிதாகத் தெரிகிறது.

நீங்கள் கேட்டது. டம்ளரை நானே அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

ஒரு நல்ல செய்தி. முதலாளிக்கு இவர் மேல் பிரியம். இத்தனை வருஷத்தில் ஒரு கீறல் விழாமல் பஸ்ஸைக் கொண்டுவருகிறார் என்று மலைச்சாலை ராத்திரி சர்வீசை இவருக்கே கொடுத்திருக்கிறார். மங்களூர் போய் விடியற்காலை திரும்புவது. சம்பளமும் ஜாஸ்தி. நவம்பர் 30 சனிக்கிழமை முதல் டிரிப்.

நான் காலண்டரில் எண்ணி வைத்த அதே தேதி. அவரிடம் சொல்லவில்லை. அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டும்போது கடைசி வரியை விட்டுவிடுங்கள்.

சந்திரகலா


திருவண்ணாமலை
9-9-74

சந்திரகலாவுக்கு, ஆதிமூலம் எழுதுவது. இவ்விடம் சுகம்.

அந்த ராத்திரி சர்வீசை ஏற்கக் கூடாது. காரணங்கள் பின்வருமாறு. ராத்திரி என்பது பேய்களுக்குக் குத்தகை விட்ட சொத்து, அதில் அத்துமீறி நுழைந்தால் வழக்கு வரும். மேலும் மாப்பிள்ளையின் ஜாதகத்தை நான் நேற்று பார்த்ததில், மலைச்சாலை என்ற சொல்லே அதில் இல்லை. மேலும் உன் மாமனுக்கு உடம்பு மோசம், சாகக் கிடக்கிறான், மருமகன் உடனே வர வேண்டும் என்று தந்தி கொடுக்கவும் தயாராக இருக்கிறேன். சொல்லு, நாளைக்கே சாகக் கிடக்கிறேன்.

விளையாட்டை விடு. பகல் வண்டியே போதும் என்று சொல்லச் சொல். மழைக்காலத்தில் பகல் வண்டிகூட வேண்டாம். இத்துடன் பதில் கார்டு வைத்திருக்கிறேன். "சரி" என்று ஒரு வார்த்தை எழுதிப் போடு.

ஆதிமூலம்


சிக்மகளூர்
30-9-74

அன்புள்ள மாமாவுக்கு, வணக்கம். நலம்.

பதில் கார்டில் எழுதக்கூடிய விஷயம் இல்லை, அதனால் கவரில் எழுதுகிறேன். இதை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

ராத்திரி வண்டி வேண்டாம் என்று சொன்னேன். அவருக்குக் கோபமே வராது, அன்றைக்கு வந்தது. "டிரைவர்னா ராத்திரியும் ஓட்டணும். ஓட்ட முடியலன்னு நான் போய்ச் சொன்னா நாளைக்கு என்னை எவன் ஸ்டீயரிங்ல ஒக்கார வெப்பான்?" என்றார். 

நேற்று அவர் டிரங்குப் பெட்டியில் துணி அடுக்கும்போது, அடியில் விரித்த காகிதத்துக்குக் கீழே ஒரு தாள் இருந்தது. எட்டாக மடித்துப் பழுப்பேறிய தாள். முதல் வரியில் ஒரே ஓர் எழுத்து, ப. இரண்டாவது வரியில் இரண்டு. மூன்றாவதில் மூன்று. இப்படி ஏழு வரி. மேலே பெரிதாக, கீழே போகப்போகச் சின்னதாக. படித்தால் ஒன்றுக்கும் அர்த்தம் இல்லை. ஏழு வரி ஏழு ரிஷிகளா? யாராவது இவருக்குச் செய்வினை வைத்திருக்கிறார்களா? இதனால்தான் இவருக்கு நட்சத்திரம் தெரியவில்லையா? எரிக்கலாமா, எரித்தால் அவருக்கு ஏதாவது ஆகுமா?

மாமா, இன்னொன்று. அந்த எழுத்துக்களை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது. ழகரத்தின் வாலைச் சுழித்து, கடைசியில் ஒரு புள்ளி வைத்திருக்கிறது. நீங்கள் அப்படித்தான் எழுதுவீர்கள்.

உடனே பதில் போடுங்கள்.

சந்திரகலா


சிக்மகளூர்
29-10-74

அன்புள்ள மாமாவுக்கு, சந்திரகலா எழுதுவது. நீங்கள் நலமா? உண்மையாகவே கேட்கிறேன்.

நாலு வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரர் தெருமுனை திரும்பும்போதே நான் வாசலில் நிற்கிறேன். நீங்கள் பதில் போடாமல் இருந்ததே கிடையாது. எனக்குப் பல் முளைத்ததற்கே நாலு பக்கம் எழுதி ஊருக்கெல்லாம் அனுப்பினீர்கள் என்று அம்மா சொல்வாள்.

வெள்ளிக்கிழமை வழியில் மண் சரிந்து பகல் வண்டிக்கு நேரமாகிவிட்டது. திரும்பும்போது மலைச்சாலையிலேயே இருட்டிவிட்டதாம். ஒரு வளைவில் அப்பாதுரை கத்தியிருக்கிறார். வண்டி நின்றபோது முன்சக்கரம் ஒன்று ரோட்டில் இல்லை. நாற்பத்தாறு பேர் பின்பக்கக் கதவு வழியாக ஒவ்வொருவராக இறங்கியிருக்கிறார்கள். ஒரு குழந்தை மட்டும் அழுததாம்.

பிரேக் பிடிக்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். என்னிடமும் அதையேதான் சொன்னார். மறுநாள் ஷெட்டில் கழற்றிப் பார்த்திருக்கிறார்கள். பிரேக் நன்றாக இருக்கிறதாம்.

அப்பா போனதும் பிரேக் பிடிக்காமல்தானே மாமா?

பஞ்சாங்கத்தில் நவம்பர் 29 சந்திர கிரகணம் போட்டிருக்கிறது. மறுநாள் ஆறு மாதம் முடிகிறது. அன்றைக்குத்தான் ராத்திரி வண்டி. எனக்கு யாரும் இல்லை, நீங்கள் எழுதுங்கள்.

சந்திரகலா


திருவண்ணாமலை
4-11-74

சந்திரகலாவுக்கு, மாமன் எழுதுவது. இருவரும் சுகம்.

இந்தக் கடிதத்தில் கதை இல்லை.

உன் அப்பா காசியின் லாரியில் பிரேக் நன்றாக இருந்தது. 1956 ஐப்பசி, சவ்வாது மலை இறக்கம். புளி மூட்டை ஏற்றிக்கொண்டு இறங்கினார். பொழுது சாய்ந்து கால்மணி நேரம்தான் ஆகியிருந்தது. மழை இல்லை, எதிரே வண்டி இல்லை. சாலை இடது பக்கம் திரும்பியது. லாரி நேராகப் போனது. கிளீனர் குதித்துப் பிழைத்தான். அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிரேக் என்று ஊருக்குச் சொன்னவன் நான். உனக்கு அப்போது மூன்று வயது.

அவருக்கு மாலைக்கண். பகலில் பெரியது தெரியும், சின்னது கலங்கும். அந்தி சாய்ந்தால் ஒன்றும் தெரியாது. அந்த வீட்டு ஆண்களில் சிலருக்கு அப்படி வரும் என்று பிறகு கேள்விப்பட்டேன். காசியின் அக்கா சரசுவின் மகன்தான் உன் புருஷன். அத்தை மகன், நல்ல பிள்ளை, வேறு இடம் எதற்கு என்று எல்லோரும் சொன்னோம். அவருக்கும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கல்யாணத்தன்று விளக்கு வைக்கும் நேரத்தில் அவர் நீட்டிய கை, டம்ளருக்கு அரைச் சாண் தள்ளிப் போனதைப் பார்த்தேன். உன் அப்பாவின் கை அப்படித்தான் போகும். அதனால்தான் மாடிக்குக் கூட்டிப்போனேன். அவர் மலையைக் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயம் வந்தது. பயம் வந்தால் எனக்குச் சிரிக்க மட்டும்தான் தெரியும்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். தாலி கட்டி ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. வாயில் பழமொழிதான் வந்தது.

நீ எடுத்த தாள் செய்வினை இல்லை. டாக்டர் வீட்டு எழுத்துப் பலகையின் நகல். கண் தெரியாதவன் மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறதற்கு. அந்த டாக்டர் பலகையை மாற்றவே இல்லை. உன் அப்பாவும் அதை ஒப்பித்துத்தான் லைசென்சைப் புதுப்பித்தார். மாப்பிள்ளையும் அதே சுவருக்கு முன்னால் நின்றுதான் லைசென்ஸ் வாங்கியிருப்பார்.

அருந்ததி யாரையும் கொல்லவில்லை. இதை மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டு. அவரைத் திட்டாதே. அவரும் பயத்தில்தான் ஓட்டுகிறார்.

ஆதிமூலம்


திருவண்ணாமலை
18-11-74

சந்திரகலா, கடிதம் கிடைத்ததா? ஒரு வரி போடு. தபால் ஆபீசில் என்னைக் கண்டால் போஸ்ட்மாஸ்டர் உள்ளே போய்விடுகிறார். சுகம்.

ஆதிமூலம்


சிக்மகளூர்
26-11-74

அன்புள்ள மாமாவுக்கு, சந்திரகலா வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் இருவரும் இருக்கிறோம்.

உங்கள் கடிதத்தைப் பத்து நாளைக்கு மேல் அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன். படித்துக் காட்டத் தைரியம் வரவில்லை. ஒவ்வொரு நாளும் அவர் வண்டிக்குப் போனதும் அதை எடுத்துப் படிப்பேன். ஐந்தரை மணி தாண்டிவிட்டால் வாசலுக்கு வந்து நின்றுவிடுவேன்.

20ஆம் தேதி விடியற்காலை ஐந்து மணிக்கு வாசல் திறந்தேன். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக மேகமே இல்லை. வடகிழக்கே ஏழு பேரும் வரிசையாக நின்றிருந்தார்கள். நீங்கள் எழுதிய நான்கெல்லையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். வாலின் நடுவில் வசிஷ்டர், தோளோடு அருந்ததி. என் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. அவரை எழுப்பிக் கூட்டிவந்து நிறுத்தினேன்.

ரொம்ப நேரம் அண்ணாந்து நின்றார். பிறகு, "கலா, நெஜமாவே ஒனக்கு அங்க எதாச்சும் தெரியுதா?" என்றார்.

தெரிகிறது என்றேன்.

"எனக்கு நிலா தெரியும். சில நாள் வெள்ளி தெரியும். மத்ததெல்லாம் கல்யாணத்துல அருந்ததி பாக்கற மாதிரினு நெனச்சிக்கினு இருந்தேன். ஒண்ணும் இல்லாத எடத்தைக் காட்டுவாங்க, எல்லாரும் தெரியுதுன்னுவாங்க. சின்ன வயசிலேர்ந்து நானும் சொல்லிக்கினு வந்தேன்."

இருபத்தெட்டு வயது மாமா அவருக்கு. வானத்தில் நட்சத்திரம் இருப்பது பெரியவர்களுடைய மரியாதைப் பொய் என்று நினைத்திருக்கிறார்.

அப்போதுதான் கடிதத்தை எடுத்துவந்து சிம்னி விளக்கு வெளிச்சத்தில் படித்தேன். "லாரி நேராகப் போனது" என்ற இடத்தை மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு பகல் வண்டிக்குப் போய்விட்டார். அந்தப் பகல் எனக்கு எப்படிப் போனது என்று எழுத முடியாது.

சாயங்காலம் வந்தார். இருட்டும் வரை உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, "நீ வராத. அப்பாதுரையும் வேணாம்" என்று சொல்லிவிட்டுத் தனியாக ஷெட்டுக்குக் கிளம்பினார். அந்த இரண்டு பர்லாங். நான் வாசற்படியில் உட்கார்ந்து அவர் செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச தூரத்துக்கு மேல் அதுவும் கேட்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து அப்பாதுரை கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். நெற்றி பிளந்து ரத்தம். சாலையோரம் நிறுத்தியிருந்த பஸ்ஸில் நேராகப் போய் மோதியிருக்கிறார். அவருடைய பஸ்ஸிலேயே.

நான் மஞ்சள் வைத்து அழுத்தும்போது சொன்னார். "நிக்கற பஸ்ஸே எனக்குத் தெரியலடி. இதுல அம்பது பேரை ஏத்திக்கினு போறேன்."

மறுநாள் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். முதலாளி கத்தினாராம், அப்புறம் வேறு வேலை கொடுத்தாராம். ஷெட்டில் டயர் கழற்றுகிற வேலை, பகலில் மட்டும். சம்பளம் கம்மி. இன்று நாலாவது நாள். கையெல்லாம் கரியோடு நாலரைக்கே வந்துவிடுகிறார்.

அந்தத் தாளைப் பற்றிக் கேட்டேன். லைசென்சுக்குப் போன அன்று சரசு அத்தை கொடுத்தாராம். "உங்க மாமனுக்கு வழி காட்டுன தாளு" என்று சொல்லி. யார் எழுதியது என்று அவருக்குத் தெரியாது.

நான் உங்களை ஒன்றும் கேட்கவில்லை. தாளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

சந்திரகலா


திருவண்ணாமலை
3-12-74

டயர் மண்டலாதிபதியின் தர்மபத்தினி சந்திரகலாவுக்கு, மாமன் ஆதிமூலம் ஆசீர்வாதம். சனிக்கிழமை ராத்திரி முழுக்க நான் தூங்காமல் காவல் காத்ததில், நவம்பர் 30ஆம் தேதி யாருக்கும் தீங்கு செய்யாமல் கழிந்தது. கிரகணம்கூட எனக்குப் பயந்து சந்திரனைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. மாப்பிள்ளை நெற்றிக் காயம் ஆறிவிட்டதா?

மலையில் தீபம் இன்னும் எரிகிறது. முடிந்தால் இருவரும் வாருங்கள். அதை மாப்பிள்ளை பார்க்கலாம். அவ்வளவு பெரிய நெருப்பு, தெரிகிறது என்று பொய் சொல்ல வேண்டியதில்லை.

உன் கடிதங்களையும் என் நகல்களையும் உன் அம்மாவுக்கு ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினேன். கடைசியாக அந்தத் தாளை விரித்து அவள் முன்னால் வைத்தேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பதினெட்டு வருஷமாக என்னோடு இருந்து என் கையெழுத்தைப் பார்க்கிறவள். விரலால் ழகரத்தின் வாலைத் தொட்டுப் பார்த்தாள்.  எழுந்து எனக்குச் சோறு போட்டாள். குழம்பு ஊற்றவில்லை. இன்றோடு மூன்று நாள். வெறும் சோற்றையே சாப்பிட்டு எழுந்திருக்கிறேன். 

ஆகவே, இதன் மூலம் ஒரு ரத்துப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறேன். நான் 1951-ல் காலமானதாக எழுதியது ரத்து. தைலத்துக்குப் பயந்து முழங்கால் நடந்தது ரத்து. லாரி டிரைவருக்குக் கண் கூர்மை என்றது ரத்து, அருந்ததியின் மூக்குத்திக் கல்லும் அதோடு ரத்து. அவன் எத்தனை நாளில் போனான் என்று கேட்டிருந்தாயே. லைசென்ஸ் புதுப்பித்து ஐந்து மாதம் இருபது நாள். பழமொழிக்கு அது தெரியாது.

ஒன்றை மட்டும் ரத்து செய்ய எனக்கு அதிகாரமில்லை. எழுத்துப் பலகை தானே வீட்டுக்கு நடந்து வந்தது என்று எழுதினேனே, அந்தச் சின்ன இடம் நிஜம். காசி என்னைக் கேட்கக்கூட இல்லை. வேலை போய்விடுமே என்று அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, சளி பிடித்தவன் மாதிரி டாக்டர் வீட்டுக்குப் போய், ஏழு வரியையும் பார்த்து எழுதிக்கொண்டு வந்து, அவருக்குத் தப்பில்லாமல் ஒப்பிக்க வரும் வரை பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தது அந்தப் பலகை. அதற்கு ரெண்டு கால் இருந்தது. காதில் பேனா செருகியிருந்தது.

இப்படிக்கு,
ஆதிமூலம்